சாப்பாட்டு ஜெபம்

மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கு,

கோனிக்ஸ்பெர்க் போன காரியம் ஜெயமாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இனி நம் மசூரியப் பள்ளிகளில் ஜெர்மனோடு போலிஷும் சொல்லித்தருவார்களாம். சந்தோஷம். நம் மகள் எப்படி இருக்கிறாள் என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். லோவிசாவுக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிடுகிறாள், வாத்து மேய்க்கிறாள்.

போலிஷ் பேசினாள் என்று உபாத்தியாயர் அவள் கழுத்தில் மரப்பலகையை மாட்டிப் பள்ளி வாசலில் நிறுத்தினாரே, அந்தக் கயிறு அறுத்த புண்கூட ஆறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, அவளைச் சபையில் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனையில் நீங்கள் போலிஷில் ஞானோபதேசக் கேள்வி கேட்டபோது, அந்தப் பயத்தில்தான் ஜெர்மனில் பதில் சொன்னாள். ஒரு பிழையில்லாமல் சொன்னாள். சபையார் முன்னால் நீங்கள் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை.

“தாய்மொழிய விட்டவளுக்கு இங்க இடமில்ல. எறங்கிப் போ.”

அந்த ஆராதனைக்கென்று தைத்த கறுப்பு உடையோடு தனியாக நடந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நேற்றுக் கிணற்றடியில் மாவுமில் யெவ்கா அவளை மறித்தாள். “என்னடி பாதிரியார் மகளே, நாக்க ஜெர்மன்காரன்கிட்ட வித்துட்டியா? எங்க, போலிஷ்ல ஒரு வார்த்த சொல்லு பாப்போம்!”

லோவிசா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். யெவ்காவிடம் மட்டுமில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் யாரிடமும், எந்த மொழியிலும் பேசவில்லை.

சனிக்கிழமை வந்துவிடுவீர்கள். சாப்பாட்டு ஜெபம் எப்போதும் அவள்தான் சொல்வாள். இனி நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். போலிஷிலேயே சொல்லுங்கள், ஜெர்மனில் பதில் சொல்ல இங்கே யாரும் இல்லை. சூப் குடிக்க மட்டும் அவள் வாயைத் திறப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் ஒருத்தி