பைபிள் உறையில் பதிந்த காசு

ஆம்பூர்
4.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி ஆல்வின் இடது கையால் எழுதுவது. எழுத்து கோழி கிளறினது போல இருந்தால் திட்டாதே. வலது கையில் நாலு விரலை வெட்டி எடுத்தது நீதான். கட்டைவிரலை விட்டுவைத்தாய், ரேஷன் கடையில் ரேகை வைக்க உதவுகிறது. அந்த மட்டில் உன் புண்ணியம்.

தையல் பிரித்துவிட்டார்கள். அண்ணி சாப்பிடுகிறார்கள். உன் மகள் ஃபீபிதான் கறிக்கடைப் பக்கம் போனால் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

திரும்பவும் சொல்கிறேன், காசை நான் மாற்றவில்லை. அஸ்திவாரம் தோண்டும்போது உனக்குக் கிடைத்த அதே வெள்ளிக்காசுதான். விற்கப் போகிறாயே, பளபளவென்று இருக்கட்டும் என்று தோல் கம்பெனியில் மெருகு போடுகிற பஃபிங் மெஷினில் ஒரு தேய்ப்பு தேய்த்துக் கொடுத்தேன். எழுத்து போய்விட்டது. தோலுக்கு மெருகு போட்டே பழகின கை, வெள்ளிக்கும் போட்டது. மூணாவது படித்தவனுக்கு அவ்வளவுதான் புத்தி.

போலீஸ் கத்தியைத்தான் கொண்டுபோனார்கள். காசு வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

உன் ஆல்வின்


வேலூர் சிறை
19.6.2024

ஆல்வின்,

விடுதலையாகிப் போகிறவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் காசில் எழுத்து இருந்தது. நீ கொடுத்தது சட்டைப் பொத்தான் மாதிரி மொழுக்கென்று இருந்தது. அசலை யாருக்கு விற்றாய்? இங்கே ஒருத்தன், "தம்பிகிட்ட ஏமாந்த ஆளா நீ" என்று சிரித்தான். அவன் முகத்தைச் சுவரில் மோதினேன். பல் சிதறியது. அது அவன் முகமாகவே தெரியவில்லை, உன் முகமாகத் தெரிந்தது.

அடுத்த மாதம் ஜாமீன் கிடைக்கும் என்கிறார் வக்கீல். அசலை எடுத்து வை. இல்லையென்றால் இடது கையும் உனக்கு இருக்காது. அதோடும் நிறுத்தமாட்டேன்.

ஞானமுத்து


ஆம்பூர்
2.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பாசமான கடுதாசி கிடைத்தது. இடது கையையும் கேட்கிறாய். அப்புறம் உனக்கு யார் பதில் எழுதுவது, அதைக் கொஞ்சம் யோசி.

காசு கிடைத்த அன்று ஃபீபிக்கு பைபிள் உறை செய்துகொண்டிருந்தாயே. ஈரத்தோலில் அந்தக் காசை வைத்து அழுத்தி அச்சு எடுத்தாயே. என் ரத்தம் பட்டது என்று அண்ணி அதைப் பரண்மேல் போட்டிருந்தார்கள். உறையையும் காசையும் வேலூர் லாங் பஜாரில் பழைய காசு வாங்கி விற்கிற ஆபித் பாஷாவிடம் எடுத்துப் போனேன்.

"இன்னா ஆல்வின், காசைக் கொலை பண்ணி எடுத்துனு வந்துக்கிறே?"

"கொலை வரைக்கும் போகல பாய். கையோட நின்னுடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. காசை எடுத்து அச்சில் வைத்தார். சிக்கென்று உட்கார்ந்தது. விளிம்பில் இருக்கிற வெட்டும் கீறலும் தோலில் அப்படியே இருக்கின்றன. தோலில் எழுத்து திரும்பி விழுந்திருந்ததால் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துப் படித்தார். பாமினி சுல்தான் காலத்து வெள்ளியாம், அறுநூறு வருஷம் இருக்குமாம்.

"காசு ஒண்ணும் சொல்லல, தோலு சொல்லுது" என்றார்.

போட்டோ வைத்திருக்கிறேன். நீ பார்த்த எழுத்துதானா, பார்.

உன் ஆல்வின்


வேலூர் சிறை
15.7.2024

என் தம்பி ஆல்வினுக்கு,

அதே எழுத்து. அதே வெட்டு. அதே காசு.

என் தலையைச் சுவரில் மோதி உடைத்துக்கொண்டேன். வார்டர்கள் அமுக்கிப் பிடித்தார்கள். கர்த்தர் என்னை மன்னிக்க வேண்டாம், நீ மன்னித்தால் போதும். ஜாமீன் கிடைத்துவிட்டது, சனிக்கிழமை வருகிறேன். இனி உனக்கு நான்தான் கை. சோறு பிசைந்து ஊட்டிவிடுகிறேன், ஆல்வின்.

உன் அண்ணன்


ஆம்பூர்
19.7.2024

அண்ணனுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. காசோடும் உறையோடும் உன் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன்.

கேலியாகத்தான் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. நீ கத்தியை எடுத்தபோதே சொன்னேன், "அதே காசுதாண்ணா". ஃபீபி உன் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். முதல் விரல் தரையில் விழுந்த பிறகும் அதையேதான் சொன்னேன். நீ மறுபடி ஓங்கினாய். ஒரு துண்டுத் தோல் சொன்னதும் நம்பிவிட்டாய்.

காசு கிடைத்த அன்று அதைத் தோலில் கொஞ்சம் கோணலாக அழுத்தியிருந்தால், சனிக்கிழமை நீ எதற்கு வந்திருப்பாய்?

வேறு ஊரில் ஒரு ரூம் பார்த்திருக்கிறேன். ஃபீபியும் என்னோடு வருகிறாள், அண்ணியே அனுப்புகிறார்கள். அண்ணி உனக்காக இங்கேயே இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதையாவது நம்பு. கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி சொல்வேன்.

தேடி வராதே. வந்து தட்டினாலும் கதவைத் திறக்கமாட்டேன். இருப்பது ஒரு கை, அது எனக்கு வேண்டும்.

ஆல்வின்