கணக்கில் ஏறிய மஞ்சள் கயிறு

இன்று காலை கடைக்கு மஞ்சள் கயிற்றுக் கட்டு வந்து இறங்கியது. பையைக் கிழித்ததும் கடை முழுக்க மஞ்சள் வாசம். ஆடி வருகிறதல்லவா, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சொல்லியிருந்தேன். கட்டைப் பிரித்துத் தொங்கவிட்டபடி, பழக்கதோஷத்தில் பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பி உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். அங்கே இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். உன் பார்லரின் ரோஸ் நிறச் சுவரை மட்டும் இன்னும் மாற்றவில்லை.

உனக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். நேற்று நடந்தது. ஆனால் எடுத்த எடுப்பில் சொன்னால் உனக்குப் பிடிக்காது. எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் கேட்பாய்.

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் நம் இரண்டு கடைகளும் ஒட்டிக்கொண்டு இருந்தன. என்னிடம் வளையல், பொட்டு, கயிறு. உன்னிடம் புருவம், முகம், கழுத்து. ஒரு மத்தியானம் கையில் நூலோடு என் வாசலில் வந்து நின்றாய்.

“இன்னாமே, ஆடி எப்பவோ போச்சு. உன் கடைல மஞ்சக்கயிறு மட்டும் இப்புடி ஓடுது?”

“வித்தா நல்லதுதானே?” என்றேன்.

“இன்னா நல்லது? இப்பதான் ஒருத்திக்குப் புருவம் எடுத்தேன். கழுத்தச் சுத்தி செவப்பா ஒரு கோடு. கேட்டா, கீழ வுழுந்துட்டேன்றா. வுழுந்தா முட்டி தேயும், கழுத்தா தேயும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏரி ரோட்டில் பைக்கில் வந்து செயினை அறுத்துக்கொண்டு போகிறார்கள். தாலிச் செயினைப் பறிகொடுத்தவள் வெறுங்கழுத்தோடு வீட்டுக்குப் போக முடியாது. நேரே என் கடைக்கு வருவாள், ஒரு கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி, கண்ணாடியைப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வெளியே சொன்னால் அபசகுனம் என்பாள் மாமியார். உன்னை யார் பராக்குப் பார்க்கச் சொன்னது என்பான் புருஷன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

உன் பார்லரில் வேலை பார்த்த செல்வியை ஸ்கூட்டியிலிருந்து இழுத்துத் தள்ளிக் கையை முறித்தார்களே, அன்று உனக்கு வந்த கோபத்தை நான் மறக்கவே மாட்டேன். கட்டுப்போட்ட கையோடு அவளையும், கடையைப் பூட்டாமல்கூட என்னையும் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனாய். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. நல்ல மாதிரி. உட்காரவைத்துக் கேட்டு, எஃப்.ஐ.ஆர். போட்டுக் கொடுத்தார். அந்த ரோட்டுக்கு விளக்கும் ரோந்தும் வேண்டும் என்று நீ கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“எங்க கணக்குல அந்த ரோட்டுக்கு இதுதாம்மா முதல் கேஸ். யாராவது வந்து சொன்னாதானே கணக்குல வரும்? வந்த ஒண்ணு ரெண்டு பேரும், கார்டுக்கு டூப்ளிகேட் வாங்கணும்னு, பை தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. தொலைஞ்சது குற்றத்துல சேராது. தெரியாம எடுத்தா திருட்டு. அடிச்சோ மிரட்டியோ பிடுங்கினா வழிப்பறி. நடந்தது எதுவோ அதைச் சொல்லணும்.”

நீ விடவில்லை. “செல்விக்கு செயின் போச்சு, போன் போச்சு, கையும் ஒடஞ்சுது. அப்போ மூணாமா?”

“ஒரே சம்பவத்துல பல குற்றம் நடந்தா, அதுல பெருசு எதுவோ அந்தத் தலைப்புல ஒண்ணுன்னுதான் புள்ளிவிவரத்துல எண்ணுவாங்க.”

வெளியே வந்ததும் ரோட்டிலேயே நின்று கத்தினாய். “அப்போ கை ஒடஞ்சது ஓசியாமே?” ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கட்டுக்கையோடு செல்விகூடச் சிரித்துவிட்டாள்.

அதற்கப்புறம் நீ எண்ண ஆரம்பித்தாய். காய்கறிக் கடை, வேன் ஸ்டாண்டு, கோயில் வரிசை என்று எங்கே போனாலும் உன் கண் கழுத்திலேயே இருக்கும். புதுக்கயிறு என்றால் ஒரு கேஸ். மாதக்கணக்கில் எண்ணிச் சேர்த்த இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நகர் நலச்சங்கக் கூட்டத்துக்குப் போனாய் பார், ஐயோ! மனை வியாபாரம் செய்கிற செயலாளர் நம் நகர் முகப்பில் ‘குற்றமில்லா நகர்’ என்று பலகையே வைத்திருந்தார். புகார் போனால் மனை விலை இறங்கும் என்று அவருக்குப் பயம்.

“இங்க உக்காந்துகினு கீறவங்க கழுத்தப் பாருங்க. எத்தினி புதுக்கயிறு! அத்தினியும் அந்த ரோட்ல அறுத்துகினு போனது!” என்று முழங்கினாய்.

முன் வரிசை அம்மா ஒருத்தி நிதானமாகச் சொன்னாள். “நேத்துதாம்மா பதினெட்டாம் பெருக்கு. எல்லாரும் புதுக்கயிறு மாத்திகினோம். என் செயினு பத்திரமா பீரோல கீது.”

கூட்டமே சிரித்தது. செயலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஆடி மாதத்தில் கயிற்றை எண்ணப் போன ஒரே ஆள் இந்தத் தமிழ்நாட்டில் நீயாகத்தான் இருப்பாய். நானும் உன்னைச் சும்மா விடவில்லை, வீடு போய்ச் சேரும்வரை ஓட்டினேன்.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே உன் முகம் தெளிந்திருந்தது. “பார்த்து எண்ணினா தப்பாப் பூடும்மே. கேட்டு எண்ணணும். அதுவுமில்லாம, கயிறே கட்டாத காலேஜ் பொண்ணு, பாயம்மா, இவங்கல்லாம் நம்ம கணக்குல எங்க கீறாங்க?”

நீ கேட்ட விதம்தான் அழகு. முகத்துக்கு மாவைப் பூசி, கண்மேல் வெள்ளரித் துண்டை வைத்துவிட்டுக் கேட்பாய். எதிரே இருப்பவர் முகம் தெரியாதபோது பெண்களுக்கு எதையும் சொல்ல வருகிறது. செயின் மட்டுமில்லை, பிடுங்கிய போன், வண்டியை ஒட்டி வந்து இடித்துவிட்டுப் போன கை, எல்லாம் வெளியே வந்தன. மாவைக் கழுவின கையோடு அவர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ பிடிப்பாய். அவர்களே உள்ளே போய் அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டும், நீ வாசலில் நிற்பாய். கயிறு கேட்டு வருகிறவர்களிடம் கேட்கிற வேலை எனக்கு.

கொஞ்ச நாளில் செயலாளர் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் வந்து நின்றார். “உங்க ரெண்டு பேராலதான் நம்ம ஏரியால குற்றம் ஏறிப்போச்சு!”

நீ கையைத் தட்டிச் சிரித்தாய். “குத்தம் ஏறலண்ணா. சொல்றவங்க ஏறிட்டாங்க.”

அந்தக் கணக்குதான் விளக்கைக் கொண்டுவந்தது, ரோந்து வண்டியைக் கொண்டுவந்தது. அறுத்துக்கொண்டு திரிந்த இரண்டு பேரும் சிக்கினார்கள். விளக்கு எரிந்த முதல் சாயந்திரம், செயினை எடுத்துப் புடவைக்கு வெளியே போட்டுக்கொண்டு, ஏரி ரோட்டின் நட்ட நடுவில் நடந்தாயே, கல்யாண ஊர்வலத்தில்கூட நீ அப்படி நடந்திருக்க மாட்டாய். பின்னாலேயே நாங்கள் அத்தனை பேரும். செயலாளர் மனைவியும் வந்தார். அந்த வாரமே பலகை காணாமல் போனது. யாரும் புகார் கொடுக்கவில்லை.

அதிலும் நீ திருப்தியாக உட்காரவில்லை. புகார் குறைந்துவிட்டது என்று நான் குதித்தபோது, “நெசமா கொறஞ்சுதா, இல்ல மறுபடி வாய மூடிகினாங்களா? போய்க் கேளுமே” என்றாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், வலியில் முனகிக்கொண்டே, கயிறு எப்படி ஓடுது என்றுதான் கேட்டாய். நான் அழுததற்குத் திட்டினாய். இப்போதும் சில நாள் அழுகிறேன், திட்டத்தான் ஆள் இல்லை.

இனி நேற்றைய சேதி. சாயந்திரம் ஒரு பெண் வந்தாள். திருவேற்காட்டுப் பக்கம் புதிதாகக் குடிவந்தவள், உன்னைப் பார்த்ததே கிடையாது. கழுத்தில் அதே சிவப்புக் கோடு. “ஒரு மஞ்சக்கயிறு குடுக்கா” என்றாள்.

நான் கயிற்றைத் தொடவில்லை. நான் பிறந்தது தெற்கத்திச் சீமையாக இருந்தாலும், அந்தக் கேள்வி மட்டும் இப்போதெல்லாம் உன் பேச்சில்தான் வருகிறது. “இன்னா ஆச்சும்மா?” என்றேன்.

அவள் மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தாள். எஃப்.ஐ.ஆர். நகல். வழிப்பறி என்று பளிச்சென்று இருந்தது.

“இங்க அப்படித்தானேக்கா? பக்கத்து ஊட்டுல சொன்னாங்க. மொதல்ல ஸ்டேஷன் போயிட்டு வந்துட்டேன். இப்ப கயிறு குடு.”