ஐரிஸின் அடைப்பு

ஆகஸ்ட் 11, 1997

இன்று பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். புது டீச்சரம்மா, "வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடி உங்க பூர்வகுடி ஜனங்க எப்படி வாழ்ந்தாங்க, வந்த பிறகு என்ன ஆச்சு, எல்லாத்தையும் அரைமணி நேரத்துல சொல்லிடுங்க நோலின்" என்றார். அரைமணி நேரம்! நல்ல மனுஷிதான், சிரித்து வைத்தேன்.

பிள்ளைகளை ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஆற்றின் குறுக்கே வளைவு வளைவாக எங்கள் மீன் அடைப்புகள், எல்லாம் கல்லால் கட்டியவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடும்பத்துக்கு. வெள்ளம் கல்லைப் புரட்டினால் அந்தக் குடும்பம்தான் எடுத்து வைக்கவேண்டும். அவர்களாகக் கேட்காமல் மற்றவர்கள் ஒரு கூழாங்கல்லைக்கூடத் தொடக்கூடாது. "இதுதான் முன்னாடி" என்றேன். பிறகு நடுவில் வாய் பிளந்து கிடக்கும் அடைப்பைக் காட்டினேன். அதன் கல்லில் பாதியை ஆட்டுப்பண்ணைக்காரர்கள் வீடு கட்ட வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே பிள்ளையை, வெள்ளைக்காரர் வீட்டில் வளர்க்கவேண்டும் என்று அரசாங்கத்துக் கார் ஏற்றிக்கொண்டு போனது. "இது பின்னாடி."

ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "அப்ப மீனெல்லாம் அந்த ஓட்டை வழியா ஓடிராதா?"

ஓடத்தான் ஓடுகிறது.

ஆகஸ்ட் 14

நகரசபையிலிருந்து ஆள் வந்தார். அக்டோபர் முடிவதற்குள் அந்த ஓட்டையை நாங்கள் சரிசெய்யாவிட்டால், இயந்திரம் வைத்து சிமெண்ட் பூசி அடைத்துவிடுவார்களாம். சுற்றுலா வருகிறவர்களுக்குப் பார்க்க லட்சணமாக இருக்குமாம். எங்கள் ஆற்றில் சிமெண்ட்!

சித்தப்பா மகன் மெர்வ் பின்னாலேயே வந்து ஆரம்பித்தான்.

"அக்கா, பேசாம நாமளே அடைச்சிரலாம். கேக்குறதுக்கு அந்தக் குடும்பத்துல யாரு இருக்கா?"

"ஐரிஸ் இருக்காடா."

"நாலு வயசுல தூக்கிட்டுப் போனாங்க. நாப்பது வருஷமாச்சு. உசுரோட இருக்காளோ என்னவோ."

"இருப்பா. நான் கண்டுபிடிக்கிறேன்."

அவன் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நாமே கை வைத்தால் அந்தக் குடும்பம் முடிந்துபோனது என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி. முடியாது. செய்யமாட்டேன்.

ஆகஸ்ட் 30

அவள் பெயரையே மாற்றிவிட்டார்களாம். எந்த ஆபீசில் கேட்டாலும் "ஐரிஸ்" என்று யாரும் இல்லை. இன்று எங்கள் ஜனங்களின் வானொலிக்குப் போன் போட்டு அறிவிப்புக் கொடுத்தேன். இடது புருவத்தில் தழும்பு உள்ளவள், ஆற்றோரத்தில் பிறந்தவள் என்று சொல்லச் சொன்னேன். தினமும் சொல்லுங்கள், சலிப்பாக இருந்தாலும் சொல்லுங்கள் என்றேன்.

செப்டம்பர் 9

போன் வந்தது!

"என் பேரு கரோல். நியூகாசில்ல பஸ் ஓட்டுறேன். புருவத்துல தழும்பு இருக்கு. நாய் கடிச்சதுன்னு சொல்லித்தான் வளத்தாங்க."

"நாயும் இல்ல, பேயும் இல்ல. உங்க அடைப்புல நீ வழுக்கி விழுந்தே. பக்கத்துல நின்னு அழுதது நான்."

 போனை வைத்துவிட்டாள். வானொலிக்காரர்களிடம் அவள் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 20

வந்து உங்கள் அடைப்பை எடுத்துக் கட்டு என்று போனில் கூப்பிட்டேன். வரமாட்டாளாம். "எனக்கு மீனே புடிக்காது. இத்தனை வருஷமா எவளும் தேடாம, இப்ப கல்லு தூக்க மட்டும் ஆள் தேடுறீங்களா?"

உன் அம்மா சாகும்வரை தேடினாள் என்றேன். சொல்லிவிட்டு நானே அழுதுவிட்டேன். அவள் கோபத்தில் என்ன தப்பு? எனக்கே கோபமாகத்தானே இருக்கிறது. ஆனாலும் நாளைக்கு மறுபடி கூப்பிடுவேன்.

செப்டம்பர் 21

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 5

வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல், தானே காரோட்டிக்கொண்டு. அவள் அம்மாவின் நடை, அப்படியே. யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. "எது எங்களுது?" என்று மட்டும் கேட்டாள். நீ கூப்பிடாமல் யாரும் அதைத் தொடமாட்டோம் என்று சொல்லி, காட்டினேன்.

அக்டோபர் 8

கடவுளே, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரிய கல்லை மேலே வைக்கிறாள், சின்னதை அடியில் வைக்கிறாள். கரையில் ஊரே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது. உதவி என்று அவள் வாயைத் திறக்கவில்லை, அதனால் நாங்களும் திறக்க முடியாது.

"அக்கா, அது நிக்காது" என்றான் மெர்வ்.

"வாய மூடு. அவ அடைப்பு."

அக்டோபர் 10

சரிந்துவிட்டது.

அக்டோபர் 16

மறுபடி அடியிலிருந்து தொடங்கியிருக்கிறாள். விரலெல்லாம் காயம். இந்த முறை பரவாயில்லை, ஆனால் ஓரத்துக் கல் ஒன்று கோணலாக இருக்கிறது. மாதமோ ஓடுகிறது. அவள் காப்பி குடிக்கப் போனபோது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து — காலால்தான், லேசாக — அதை நேராகத் தள்ளி வைத்தேன். நான்! மெர்வுக்கு உபதேசம் செய்தவள்!

அக்டோபர் 17

காலையில் ஆற்றுக்குள் நின்றுகொண்டு கத்தினாள்: "எவ என் கல்லை நகட்டினது?"

 துரோகி மெர்வ் என்னைக் கை காட்டினான்.

"நான்தான். அது நிக்காதேன்னு..."

"நின்னா நிக்கும், விழுந்தா விழும். இது என் அம்மா வீட்டு அடைப்பு! யாரைக் கேட்டுத் தொட்டே நீ?"

நான் வைத்ததைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே திருப்பி வைத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, வாயோ சிரித்துத் தொலைத்தது. இந்தத் திட்டை வாங்கத்தானே இத்தனை பாடு? அந்தக் கல் கோணலாகவே கிடக்கட்டும்.

கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "என்ன வேடிக்கை எல்லாருக்கும்? இப்ப நான் கூப்பிடுறேன். இறங்கி வந்து தூக்குங்க."

மெர்வ் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் குதித்தான்.