மஞ்சளாய்த் தெரிந்த தீபம்

மலையைப் பார்த்தபடியே கண்மூடிய என் தங்க அண்ணிக்கு,

போன இடத்திலாவது வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இல்லை, அங்கேயும் பட்டினிதானா? நீ இருந்தவரை இந்த வீட்டில் அரிசிச் செலவு கம்மி. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, பிரதோஷம் என்று உனக்கு விரதமில்லாத நாளைத்தான் நாங்கள் தேட வேண்டியிருந்தது.

இங்கத்திய சேதி கேள். அண்ணன் கீழ்பென்னாத்தூர் கொல்லை நிலத்தில் இந்த வருஷமும் மல்லாட்டை போட்டிருக்கிறார். உன் வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை. களை எது, செடி எது என்று தெரியாமல் பிடுங்கிப் போடுகிறார். மிஞ்சிய வேர்க்கடலையை நான் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே அதே இடத்தில் வேகவைத்து விற்கிறேன். என் வாய்க்கு ஒரு கேடும் இல்லை. நெஞ்சுக்குத்தான்.

ஆமாம் அண்ணி, உன் வியாதி எனக்கும் வந்துவிட்டது. உன் புடவையெல்லாம் எனக்கு வந்தது போதாதென்று இதுவும் வந்திருக்கிறது. மல்லாட்டை அளக்கும்போது உள்ளே கோழி இறக்கை அடித்துக்கொள்கிற மாதிரி இருக்கும். பிறகு ஒரு துடிப்பு காணாமல் போகும். அது வருமா, வராதா என்று படியைக் கையில் பிடித்தபடி நிற்பேன்.

"இன்னாம்மா, தூங்கறியா? பஸ்ஸு கெளம்புது" என்பார் கண்டக்டர்.

"இருய்யா, உள்ள ஒண்ணு வரணும்" என்பேன். அவர் சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன்.

அண்ணன்தான் வேலூருக்கு அழைத்துப் போனார். நெஞ்சில் ஒயரை ஒட்டிக் காகிதத்தில் கோடு எடுத்தார்கள். மல்லாட்டைக் கொடி மாதிரி கோணல்மாணலாக ஓடியது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு உன் மாத்திரையையே எழுதினார். அதே சின்ன வெள்ளை மாத்திரை. "வாரத்துல அஞ்சு நாள் போடணும். சனி, ஞாயிறு வேணாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நம் ஊர் டாக்டர் உன்னிடமும் அதைத்தானே சொன்னார்? "உன் நெஞ்சு சர்க்கார் ஆபீஸ் அண்ணி, அதான் லீவு உடறாங்க" என்று நான் கிண்டல் செய்தேன். நீ விடவில்லை.

"போடி வாயாடி. லீவு எந்த நாளா இருந்தா இன்னா? நான் விரத நாளுக்கு மாத்திக்கறேன். மாத்திர முழுங்கினா அப்பறம் அது இன்னா விரதம்?"

உனக்கு எல்லாமே சாமி கணக்குத்தான். கார்த்திகைக்குக் கோயிலில் கொடியேற்றியதும் மாத்திரையை நிறுத்தினாய். தேரன்றைக்கு மூச்சு வாங்கியது. பயந்துபோய், விட்டதையெல்லாம் சேர்த்து, காலையும் மாலையுமாக வெறும் வயிற்றில் தீர்த்தத்தோடு விழுங்கினாய். கடனைத் தீர்க்கிறேன் என்றாய். வாந்தி எடுத்தாய். பட்டினி வயிறு, அப்படித்தான் இருக்கும் என்றோம்.

தீபத்தன்று மத்தியானம், மலை மேல் இன்னும் ஏற்றவே இல்லை. "குப்பு, எல்லாம் மஞ்சளாத் தெரியுதுடி. சாமி வெளக்கச் சுத்தி வளையம் வளையமா ஜோதி" என்றாய். அண்ணன் உன் முன்னால் கற்பூரம் கொளுத்தினார். தெருவே வந்து உன் கையால் விபூதி வாங்கிக்கொண்டது. மறுநாள் நீ இல்லை. அழுதுகொண்டே அண்ணன் எல்லோரிடமும் சொன்னார்: "எம் பொண்டாட்டிக்கு அண்ணாமலையார் காட்சி குடுத்துட்டுதான் கூட்டினு போனாரு." அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்து நடமாடினார்.

வேலூரில் டாக்டரம்மா சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வாந்தி வந்தாலோ, பாக்கறதெல்லாம் மஞ்சளா தெரிஞ்சாலோ, வெளக்கச் சுத்தி வளையம் தெரிஞ்சாலோ, மாத்திரைய நிறுத்திட்டு ஓடி வந்துடணும். மருந்து ஒடம்புல ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

பக்கத்தில் நின்ற அண்ணனை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியுமா, சொல்? பஸ் ஏறினோம். போளூர் தாண்டி மலை தெரிந்ததும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கதையை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

"அந்த மாத்திர வேணாம் குப்பு. மருதம்பட்டை கஷாயம் குடி. இல்லன்னா மெட்ராஸ் போய்க் கரண்ட் வெச்சிக்கலாம். கொல்லைய வித்துடறேன்" என்கிறார். மயக்க மருந்து கொடுத்து, நெஞ்சில் ஒரு அதிர்ச்சி கொடுத்தால் துடிப்பு ஒழுங்குக்கு வருமாம். மறுபடி டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"ஒழுங்குக்கு வந்தாலும் உனக்கு நெலைக்காதும்மா. வால்வு சுருங்கிப்போயிருக்கு, மறுபடி கோணிக்கும்" என்றார்.

"கஷாயம்?"

"அத நம்பி மாத்திரைய உட்றாத."

"அப்போ மாத்திர போட்டா பழையபடி ஆயிடுவேனா?"

"ஆவாது. ஓட்டத்த அடக்கி வைக்கும். அவ்ளோதான்."

வெளியே வந்து அண்ணனிடம், "டாக்டரம்மாவுக்கு மல்லாட்ட வியாபாரம் தெரியாதுண்ணா, பேரமே படிய மாட்டேங்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

கடைசியில் உன்னைக் கொண்டுபோன மாத்திரையைத்தான் நான் விழுங்குகிறேன் அண்ணி. தப்பு மாத்திரையில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும், ஒன்றுதானா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுகிறேன். விழுங்கியதும் சுவரைப் பார்ப்பேன். வெள்ளையாக இருக்கிறதா? கொஞ்சம் மங்கலாக இருக்கிறதோ? சுண்ணாம்பு அடித்து வருஷமாகிறதே, எப்படித் தெரியும்?

மறுபடி தீபம் வருகிறது. மலை மேல் எரிவதே மஞ்சள்தானே? அதில் எது தீபம், எது மருந்து என்று யாரைக் கேட்பேன்? அண்ணனைக் கேட்டால், புரை விழுந்த கண்ணுக்கு எல்லா விளக்கிலும் வளையம் தெரிகிறதாம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தீபத்தன்றைக்கும் சோறு தின்று மாத்திரை போடுவேன். எந்த சாமிக்காகவும் லீவை மாற்ற மாட்டேன். விட்டதைச் சேர்த்துப் போட மாட்டேன். மஞ்சளாய் எது தெரிந்தாலும், கும்பிடுவதற்கு முன்னால் டாக்டரம்மாவிடம் ஓடுவேன். அண்ணன் என்றைக்காவது கேட்டால், நீ பார்த்தது அண்ணாமலையாரைத்தான் என்று அடித்துச் சொல்வேன். அவர் நம்பப் போவதில்லை. இருந்தாலும் சொல்வேன்.

உன் புடவையைக் கட்டிக்கொண்டு, உன் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கும்
உன் வாயாடி நாத்தனார்,
குப்பு