மூன்றாவது வாக்குத்தத்த அட்டை

உன் மனைவி நேற்று கொண்டுவந்த பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர், இன்று காலை வரை என் தறிக்குப் பக்கத்து ஜன்னலில் கிடந்தது. "அவரு பைபிள்ல இருந்துதுண்ணா. மேல உங்க பேரு போட்டிருக்காரு" என்றாள். உள்ளே நான்கு வாக்குத்தத்த அட்டைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வருஷமும் என் மகள் பெயரும், உன் கோழிக் கிறுக்கலில். செத்தும் என்னை விடமாட்டாயா நீ?

நம் கோயிலில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும், அந்த வருஷத்துக்குக் கடவுள் தரும் வாக்காக பைபிள் வசனம் அச்சடித்த இந்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை எடுக்க வேண்டும். என் மகள் பியூலா எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு சேத்துப்பட்டுக்குப் போன அந்த வருஷம், எனக்கும் என் மனைவிக்குமாக இரண்டே எடுத்தேன். பின்னால் நின்ற நீ மூன்று எடுத்தாய்.

"உங்க ஊட்ல ரெண்டு பேருதானே. மூணாவது யாருக்குடா?"

"உன் ஊட்ல ஒரு ஆளு கொறையுதே, அதுக்கு."

கோயில் வாசலிலேயே கத்தினேன். போதகர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். நீ அப்போதும் பைபிளில் வரும் ஓசியா தீர்க்கதரிசியை இழுத்தாய். தீர்க்கதரிசிகள் எல்லாம் உன் பெரியப்பா பிள்ளைகள் என்பது போலத்தானே பேசுவாய்!

"கடவுளு தன் ஜனத்த இன்னா திட்டு திட்றாரு தெரியுமா? கையப் புடிச்சு நடக்கக் கத்துக்குடுத்தேன், அதையே மறந்துட்டு ஓடுதேன்னு திட்றாரு. திட்டிகினே இருக்கறப்ப, உன்ன எப்படிடா விடுவேன்னு தொண்ட அடைக்குது அவருக்கு. நீ திட்டறதோட நிறுத்திட்டியே."

"அவரு கடவுளு. நான் பத்தாவதையே ரெண்டு வாட்டி எழுதினவன்."

"அதான் தெரியுதே. அவரு மனசு சிறைபட்டுப் போன ஜனத்துக்குப் பின்னால பாபிலோன் வரைக்கும் போச்சு. உனக்கு சேத்துப்பட்டு பஸ்ஸே தெரியல."

அதோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். நான்கு வருஷம், ஒரே தெருவில். நீ எதிரே வந்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவேன். ஒருமுறை பேசிக்கொண்டிருக்கும்போதே அது மணியடித்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதற்கும் சேர்த்து ஒரு வருஷம் கோபப்பட்டேன்.

நீ ஏன் வந்து என் கதவை உடைக்கவில்லை? அட்டைகளை நீயே என் பெண்ணிடம் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே. கவரில் என் பெயருக்குக் கீழே அதற்கும் பதில் எழுதி வைத்திருக்கிறாய்: "அப்பன் கையால குடுக்கணும்."

உன் தீர்க்கதரிசிகளின் கடவுளும் கோபக்காரர்தான். ஆனால் அவர் ஜனத்தின் முகத்தைப் பார்த்துக் கத்துகிறார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு கத்தியிருக்கிறேன். இது புரிய நீ சாக வேண்டியிருந்தது. எனக்கு மண்டை அவ்வளவுதான்.

இன்று காலை தறியை நிறுத்திவிட்டு என் மனைவியின் போனை எடுத்தேன். அதில் மகளின் எண் 'பால்காரர்' என்ற பெயரில் இருப்பது எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும்.

"சொல்லும்மா" என்றாள்.

"நான்தான்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அவள் அணைப்பது கேட்டது. பிறகு, "அம்மாவுக்கு இன்னாச்சுப்பா?"

சாவுச் செய்தி சொல்லத்தான் அப்பன் கூப்பிடுவான் என்று என் பெண் நினைத்து வைத்திருக்கிறாள். அந்தக் கோபத்தை நான் யார்மேல் காட்டுவது?

"ஒண்ணும் ஆகல! உன் சாமான் நாலு இங்க கெடக்குது. கொண்டாந்து குடுக்கறேன், ஊட்லயே இரு!"

"கத்தாதப்பா" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. "எந்த பஸ்ஸுல வர்ற?"

பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அட்டைகள் சட்டைப் பையில் இருக்கின்றன. என்ன வசனம் என்று பார்க்கவில்லை; அவை அவளுக்கு வந்தவை. உன்மேல் உள்ள கோபத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், அது எங்கும் போகவில்லை. பக்கத்து இடம் காலி. நீ இருந்திருந்தால் சேத்துப்பட்டு வரைக்கும் எரேமியா, ஏசாயா என்று பேசியே என் உயிரை வாங்கியிருப்பாய்.

வாங்கித் தொலைத்திருக்கலாம்.