ஊஞ்சலுக்கு அடியில் இருக்கும் கிணறு

செம்பரம்பாக்கம்,
புரட்டாசி, வியாழக்கிழமை.

வேப்பம்பட்டில் மகள் ஜெயப்பிரியா வீட்டில் இருக்கும் பொன்னியம்மாவுக்கு, மேஸ்திரி ஜெகதீசன் சொல்லச் சொல்ல, இங்கே தோட்டவேலை பார்க்கும் உத்தமன் எழுதுவது. அம்மா ஜெயப்பிரியா, நடுவில் கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துக் காட்டு.

பொன்னியம்மா, சுனாமி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வீடு கலர் டிவி தரப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வைகாசி. ஜெயப்பிரியா பெரிய மனுஷியாகி மூன்றாம் நாள். வரமாட்டேன் என்ற உன்னை நான்தான் வாசலில் வந்து நின்று வேலைக்குக் கூட்டிப்போனேன். ஏரிக்கரையை ஒட்டிய கிணற்றை மூடிய வேலை. நீ மறந்திருக்க மாட்டாய்.

அந்த நிலத்தில்தான் இப்போது குடியிருக்கிறேன். என் மகன் கோபி இங்கே நாலாவது மாடியில் வீடு வாங்கியிருக்கிறான். வாங்கும்போது என்னைக் கூட்டிவந்து காட்டவில்லை. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழவழப் புத்தகம் கொடுத்தார்கள். மெரினா, பெசன்ட் நகர், ஏரிக்கரை நடைபாதை என்று காற்று வாங்கப் போகும் இடமெல்லாம் படத்தோடு இருக்கிறது. நான் மெயின் கேட்டைத் தாண்டி ஒரு மாதம் ஆகிறது.

வந்த அன்று சாயங்காலம் பேத்தி கிருஷ்ணப்பிரியாவை ஊஞ்சல் ஆட்டக் கீழே பூங்காவுக்குப் போனேன். நிமிர்ந்தால் எதிரே டவர் லைன் கம்பம், வலதுகைப் பக்கம் ஏரித் தண்ணீர் வழியும் கலங்கல். நாம் கிணற்றை மூடிய அதே இடம். ஊஞ்சலுக்கு அடியில் ரப்பர் விரிப்பு ஒரு சாண் உள்வாங்கியிருந்தது. மழை பெய்தால் பூங்கா முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, அங்கே மட்டும் நிற்பதில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மனோகரனிடம் போய், இங்கே கிணறு இருந்தது என்றேன். வரைபடத்தில் இல்லையே என்றார். நிலத்தை அளக்க வருவதற்குள் மூடத்தானே நம்மை வைத்தார்கள், எப்படி இருக்கும்? சரி, இருந்திருந்தாலும் மூடியாச்சே, ஒழுங்காகத்தானே மூடியிருப்பார்கள் என்று கேட்டார். கோபி பக்கத்தில் நின்றான். மகன் முன்னால் எனக்கு உண்மை வரவில்லை. ஒழுங்காகத்தான் மூடினோம் என்று சொல்லிவிட்டேன்.

நீ அன்றைக்குச் சொன்னது எனக்கு வரிக்கு வரி இருக்கிறது. "இன்னா மேஸ்திரி இது, உள்ள வைக்கோலும் முள்ளும் போட்டு, கெணத்து வாய்க்குக் குறுக்கால பனங்கட்டைய அடுக்கி மண்ணைத் தள்றே. நாளைக்கு மேல புள்ளைங்க நடக்கும்." நான் சொன்னதும் இருக்கிறது. "உன் புள்ளையா நடக்கப்போவுது? வாயை மூடிக்கினு கூடையை எடு."

இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்து, மறுபடி மனோகரனிடம் போய்ப் பனங்கட்டையைச் சொன்னேன். அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று பேசுகிறார் என்று கோபியைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு ஊஞ்சல் பக்கம் வரும் பிள்ளைகளை விரட்டினேன். தாய்மார்கள் புகார் கொடுத்தார்கள். ஒருநாள் உத்தமனின் கடப்பாரையை எடுத்து விரிப்பின் ஓரத்தில் குத்தினேன். முழங்கை ஆழம் மண். அதற்குக் கீழே பிடிப்பே இல்லை, கடப்பாரை கையிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஓடிவந்தவர்கள் கிழிந்த விரிப்பைத்தான் பார்த்தார்கள். கடப்பாரையை எங்கே எறிந்தேன் என்று கேட்கிறார்கள். உத்தமன் மட்டும் நம்புகிறார், அது அவருடைய கடப்பாரை.

கோபி என்னை டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் தாளும் பேனாவும் கொடுத்து, கடிகாரம் வரைந்து முள் போடச் சொன்னார். நான் என்றைக்குப் பேனா பிடித்தேன்? வட்டமே வரவில்லை. மறதி நோய் என்று எழுதிவிட்டார். கோபி கெட்டவன் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகு என் போனை வாங்கி வைத்துக்கொண்டான். கேட்டில் என் போட்டோ ஒட்டியிருக்கிறது. வாட்ச்மேன் நல்ல பையன்தான், "பெர்சு, உன்ன வெளிய உட்டா என் வேல பூடும், போய் டிவி பாரு" என்கிறான். வீட்டிலும் வெளித்தாழ்ப்பாள். மத்தியானம் ஒரு மணி நேரம், உத்தமன் பார்த்துக்கொள்கிற பொறுப்பில், பூங்காவில் உட்கார விடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் இந்தக் கடிதம். பால்கனியில் நின்றால் நேர் கீழே ஊஞ்சல். தினமும் ஐந்து மணிக்கு என் பேத்தி அதில் உட்கார்ந்து எனக்குக் கை காட்டுகிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை புதிதாக வந்தவர்களுக்கென்று விளையாட்டு விழா. பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம் அந்த விரிப்பின் மேல்தான். நேற்றும் மழை. உத்தமன் கெஞ்சிப் பார்த்ததற்கு மனோகரன், "அவரைத் தவிர வேற யாராச்சும் கண்ணால பாத்தவங்க இருந்தா கூட்டினு வாய்யா, பேசலாம்" என்றாராம்.

அதனால்தான் கேட்கிறேன். உத்தமன் நாளை திருநின்றவூரில் தங்கை வீட்டுக்கு வரும்போது இதை உன் கையில் கொடுப்பார். சனிக்கிழமையே அவரோடு புறப்பட்டு வா. கேட்டில் கேட்டால் மனோகரனைப் பார்க்க வந்ததாகச் சொல், என் பெயரைச் சொல்லாதே. எல்லோர் முன்னாலும் நின்று, பனங்கட்டை போட்டதையும், நீ தடுத்ததையும், நான் உன்னைப் பேசியதையும் சொல். எனக்காக எதையும் குறைக்க வேண்டாம். கோபி கேட்கட்டும். அதற்குப் பிறகு அவன் என்னை எங்கே கொண்டுபோய் விட்டாலும் சரி.

நீயும் ஜெயப்பிரியாவும் அவள் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அடியில் என் கைநாட்டு இருக்கிறது. அன்றைக்கு நம்மோடு வேலை பார்த்தவர்களில் வேம்புலி பெருவெள்ளத்துக்கு மறுமாதம் காய்ச்சலில் போனான். பால்ராஜ் கொரோனாவில் போனான், முகத்தைக்கூடக் காட்டவில்லை. மண் லாரி ஓட்டிய லோகநாதன் போய் நாலு வருஷம். கார்த்திகேசன் போன பொங்கலுக்கு. என்னைப் பைத்தியத்தில் சேர்த்துவிட்டார்கள். கட்டை அடுக்கியதைக் கண்ணால் பார்த்து, இன்னும் உயிரோடு இருந்து, சொன்னால் நம்பும்படி இருப்பது, பொன்னியம்மா, நீ ஒருத்திதான்.