பையில் வைத்த மாத்திரை அட்டை

ஷெர்லி,

நேரில் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அதனால் எழுதி உன் ஆஸ்பத்திரிப் பையில் வைக்கிறேன்.

வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தாலும் எடை பெரிதாகக் குறையாது, வடிவம்தான் மாறும், வீக்கம் வடிய மாதக்கணக்காகும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டபோது, "ஒண்ணும் இல்ல மேடம்" என்றாய்.

ஷூ கம்பெனியில் தைத்துத் தைத்து இடுப்பு வலிக்கும்போதெல்லாம் ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறாயே, அது இன்னா, மிட்டாயா? உங்கள் தையல் லைனில் யாருமே அதை மருந்தாக நினைப்பதில்லை. அதைப் போட்டுக்கொண்டு கத்திக்குப் போனால் ரத்தம் ஜாஸ்தி போகுமாம். மருந்துக் கடையில் கேட்டேன்.

தோல் பதனிடுகிற ஷாப்பில், தோலில் ஒட்டிய கொழுப்பை வழிக்கிற மிஷினில் நிற்கிறவன் நான். ஒரு தோல் கிழிந்தால் மேஸ்திரி கத்துவார், நான் அடுத்த தோலை எடுத்துப் போடுவேன். இரண்டு நாளாக அந்த மிஷினில் கை வைக்கவே முடியவில்லை.

நீ இப்படியே இருந்தாலும் எனக்குச் சரிதான். ஆனால் ஆசைப்பட்டுவிட்டாய், செய்துகொள். அதற்கு முன், இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிற மாத்திரை அட்டையை மட்டும் டாக்டரம்மாவிடம் காட்டிவிடு. ஆபரேஷன் தள்ளிப்போனால் என்னோடு பேசாதே. பேசாமல் என் பக்கத்திலேயே இரு, போதும்.

உன் வீட்டுக்காரன்